ஊருக்கெல்லாம் சொந்தமான நாய்க்கு ஒரு வீட்டு விலாசம் வேண்டும்

டீச்சர், நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். உங்கள் தமிழ்ப்பள்ளிக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவில் ஆறு வருஷமாக மணி என்று ஒரு தெருநாய் இருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தாமான் குடியிருப்பு வரைக்கும் எல்லோரும் சோறு போடுகிறார்கள், பிள்ளைகளுக்கு அவன்மேல் உயிர். இப்போது யாரோ மாவட்ட மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம் நாய் பிடிக்கும் லோரி வரும் என்று பேச்சு. யாருக்கும் சொந்தமில்லாத நாயை எப்படிக் காப்பாற்றுவது, ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையெழுத்து வாங்குங்கள், தப்பில்லை, ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, மணியை யாராவது ஒருவர் பெயரில் எழுதுவது. லைசென்ஸ், தடுப்பூசி அட்டை, கழுத்துப்பட்டை, கருத்தடை, இந்த நான்கும் லோரி வருவதற்கு முன்னால் முடிய வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நான் இதில் ஒரு தடவை தோற்றுப்போனவன்.

நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவன். பிறந்து வளர்ந்தது மலேசியாவின் கீழ்ப்பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில், அப்பா அம்மா இரண்டு பேருமே ரப்பர் மரத்தில் பால்வெட்டு. அந்தக் கித்தா மரமெல்லாம் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்த பிறகும் நாங்கள் அங்கேயேதான் இருந்தோம். எங்கள் லயத்தில் செவலை என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. யார் வீட்டு நாய் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, காலையில் ஒரு வீட்டில் தோசை, மத்தியானம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் மிச்சக் கஞ்சி, ராத்திரி எங்கள் வாசலில் படுக்கை. ஒரு நாள் லோரி வந்தது. செவலைக்கு மனிதர்களைப் பார்த்து ஓடத் தெரியாது, எந்த மனிதன் கிட்டே வந்தாலும் சோறுதான் கொண்டுவருகிறான் என்று பழகிப்போயிருந்தது. சுருக்குக் கம்பியோடு வந்தவரிடமும் வாலை ஆட்டிக்கொண்டே போனது. நாங்கள் பதினைந்து பேர் ஓடிப் போய் நின்றோம். "யார் நாய்?" என்று கேட்டார்கள். "எங்க நாய்" என்றோம். "யார் பெயரில் லைசென்ஸ்?" என்று கேட்டார்கள். பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் போய் மீட்பது, யார் பெயரில் எழுதுவது, தண்டம் எவ்வளவு வரும் என்று நாங்கள் பேசி முடித்துக் கிளம்பிப் போக நான்கு நாள் ஆகிவிட்டது. போனபோது செவலை இல்லை.

லோரிக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாமல் போனதுதான் இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

அதனால் அடுத்து மண்டோர் வந்தபோது நாங்கள் விட்டுவிடவில்லை. மண்டோர் என்பது நாயின் பெயர், கறுப்பு உடம்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. விடியற்காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது பேர் எடுக்க, ஆட்கள் வந்து நிற்பார்கள் இல்லையா, அந்த நேரத்துக்கு எங்கிருந்தோ வந்துவிடுவான், வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் பூட்ஸையும் மோந்து பார்த்துக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பான். யாராவது வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நகர்வான் என்று வங்காளதேசப் பையன்கள் சத்தியம் செய்வார்கள். எங்கள் மண்டோர் அண்ணனே, அதாவது ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியே, பார்த்துவிட்டு, "இவன் என்னைவிட ஒழுங்கா பேரு எடுக்கிறான்" என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தார். ஆட்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர் கிளம்பினால் பின்னாலேயே காட்டு முனை வரை ஓடுவான், அப்புறம் திரும்பி வந்து கோயில் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்வான்.

சரி, யார் பெயரில் எழுதுவது? எங்களுக்கு முதலில் வந்த யோசனை கோயில் பெயரில் எழுதலாம் என்பது, பைரவருக்கு வாகனம் அதுதானே என்று தலைவர் கூடச் சொன்னார். நடைமுறையில் சரிப்படவில்லை. நாய் லைசென்ஸை ஒவ்வொரு மன்றமும் தன் துணைச்சட்டப்படி கொடுக்கிறது, அது கேட்பது ஒரு வீட்டு விலாசமும் ஒரு அடையாள அட்டை எண்ணும். தரை வீடாக இருந்தால் லேசாகக் கிடைக்கும், ஒரு வீட்டுக்கு எத்தனை நாய் என்பதற்கும் கணக்கு உண்டு. அடுக்குமாடி வீட்டுக்குப் பல மன்றங்கள் கொடுப்பதே இல்லை. சில இடங்களில் அண்டை வீட்டார் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்பார்கள், நீங்கள் வாங்க நினைத்த கையெழுத்துகள் இங்கே உதவும். கட்டணம் மன்றத்துக்கு மன்றம் மாறும், கருத்தடை செய்த நாய்க்குக் குறைவாக வாங்கும் இடமும் உண்டு. ஆனால் பயப்படுகிற தொகை இல்லை, ஒரு குடும்பம் ஒட்டுக்கடையில் ஒரு வேளை பசியாறும் காசைத் தாண்டாது பெரும்பாலும். லைசென்ஸோடு ஒரு வில்லை தருவார்கள், அது கழுத்தில் தொங்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

பெயர் கொடுக்கிறவருக்கு இது வெறும் காகிதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். நாய் யாரையாவது கடித்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நாயைப் பட்டினி போடாமல், நோய் வந்தால் வைத்தியம் பார்த்து வைத்திருக்கும் கடமையும் அவருக்கு வருகிறது, 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அதைச் சொல்கிறது. எங்கள் ஊரில் கோயிலுக்கு நேரெதிர் வீட்டுப் பாட்டிதான் முன்வந்தார். அவருக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. "நான் இருக்கிற வரைக்கும் என் பேரு, அப்புறம் பேத்தி பேரு" என்று சொல்லி அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். செலவை மட்டும் ஊர் பிரித்துக்கொண்டது, மாதம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்), மூன்று வெள்ளி என்று ரேஷன் கடையில் ஒரு டப்பா வைத்தோம்.

அடுத்தது கருத்தடை. மணி கடுவன்தானே, எதற்கு என்று கேட்பீர்கள். காயடித்த நாய் பெட்டை வாசனை பிடித்து ரோடு தாண்டி அலைவது குறையும், கடுவனோடு கடுவன் சண்டை குறையும், லோரியில் அடிபடுவதும் அதோடு குறையும். இன்னொரு காரணம் எங்கள் மண்டோருக்கு வந்தது. ஒரு நாள் பெரட்டுத் தரையில் அவன் நடந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம். காலில் செம்பனை முள் குத்தியிருக்கும் என்று ஆட்கள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்கள், முள் இல்லை. நான் பார்த்தபோது பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி ஒரு கட்டி. இது நாய்க்கு நாய் இணை சேரும்போது ஒட்டிப் பரவுகிற கட்டி, தெருநாய்களிடம் சர்வ சாதாரணம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் குணமாகிவிடும், வின்கிறிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் கட்டி கரைந்துவிடும். மண்டோருக்கு ஐந்து ஊசி. ஒவ்வொரு வாரமும் செம்பனைப் பழ லோரி ஓட்டும் தம்பிதான் முன் சீட்டில் வைத்து டவுனுக்குக் கொண்டு போனார்.

ஆனால் உண்மையிலேயே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் மணியோடு சுற்றுகிற பெட்டைகளைக் கவனியுங்கள். பெட்டை நாய் ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினை சுமார் 63 நாள், வருஷத்துக்கு இரண்டு ஈற்று கூட நடக்கும். ஒரு பெட்டையை விட்டுவைத்தால் அடுத்த வருஷம் உங்கள் பள்ளி வாசலில் மணிக்குப் பதில் பத்து நாய் நிற்கும், புகாரும் பத்து வரும், அதில் மணியும் சேர்ந்து போவான்.

பிடிப்பது எப்படி? மணி கைக்குப் பழகியவன், பிரச்சினை இல்லை. கிட்டே வராத பெட்டைக்குக் கூண்டு வையுங்கள், ஆனால் முதல் நாளே மூடாதீர்கள். கதவைக் கம்பியால் திறந்தபடியே கட்டிவிட்டு, மூன்று நான்கு நாள் சோற்றைக் கூண்டுக்குள்ளேயே வையுங்கள், டின் மத்தி மீனைப் பிசைந்து வைத்தால் வாசனைக்கு வந்துவிடும். முதல் நாள் வாசலில், மறுநாள் நடுவில், அப்புறம் கடைசி மூலையில். பயமில்லாமல் உள்ளே போய் முதுகைக் காட்டிச் சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கதவை விடுங்கள், மேலே ஒரு கனத்த துணியைப் போர்த்துங்கள், இருட்டானால் அடங்கிவிடும். அறுவைக்கு முந்தின ராத்திரி சோறு கூடாது, மயக்க மருந்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். மயக்கத்தில் இருக்கும்போதே காதில் ஒரு சின்ன வெட்டு போடச் சொல்லுங்கள், கருத்தடை ஆனது என்று தூரத்திலிருந்தே தெரியும், மறுபடி யாரும் பிடித்து வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். பெட்டையை அன்றைக்கே ரோட்டில் விடாதீர்கள், தையல் ஆற ஏழிலிருந்து பத்து நாள், மழை படாத இடம் வேண்டும். நாங்கள் பழைய ஆயாக் கொட்டகையைப் பயன்படுத்தினோம். பணம் இடித்தால் ஈப்போவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது, சிலாங்கூர் பக்கம் என்றால் அம்பாங்கில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

தடுப்பூசியைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு அசட்டை உண்டு, "மலேசியாவுலதான் வெறிநாய் கிடையாதே" என்பார்கள். 2012இல் நாடு வெறிநோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது உண்மைதான். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் திரும்ப வந்தது, 2017இல் சரவாக்கில் வந்து அங்கே ஆட்களே இறந்தார்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட கிடையாது என்பதால்தான் இதில் விளையாடக் கூடாது. மாவட்டக் கால்நடை அலுவலகத்திலோ கிளினிக்கிலோ கேட்டு ஊசி போடுங்கள், அட்டையை வாங்கி பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள் டீச்சர், எந்த நாய் கடித்தாலும், பிராண்டி ரத்தம் வந்தாலும், வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துக் கட்டுகிற வேலை வேண்டாம்.

தோட்டத்து நாய்க்கென்றே சில ஆபத்துகள் இருக்கின்றன, டவுன் மருத்துவருக்குச் சட்டென்று தோன்றாது. எலி மருந்து அதில் முதலாவது. செம்பனை மரத்தடியில் வைக்கிற அந்த மெழுகுக் கட்டியை நாய் தின்றாலும், அதைத் தின்று செத்த எலியைத் தின்றாலும், அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெள்ளைத்துணி மாதிரி வெளுத்திருந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். வைட்டமின் கே1 கொடுத்தால் காப்பாற்றலாம், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், ஆனால் "எலி மருந்து வைக்கிற காடு" என்று நீங்கள்தான் மருத்துவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சலும் ஈறு வெளுப்பதில்தான் தெரியும், காது மடிப்பிலும் கால் விரல் இடுக்கிலும் வாரம் ஒருமுறை விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்கில் மாட்டிக்கொள்வதும் உண்டு, மணி ஒரு ராத்திரி வராவிட்டால் மறுநாள் வரட்டும் என்று இருக்காமல் தேடிப் போங்கள்.

சாப்பாடு பற்றி ஒன்றே ஒன்று. வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், குத்தூசி மாதிரி பிளந்து குடலைக் குத்தும். எங்கே போடுகிறீர்கள் என்பது என்ன போடுகிறீர்கள் என்பதைவிட முக்கியம். மலாய்க்கார அண்டை வீட்டார் வாசலிலோ, அவர்கள் தொழுகிற சூராவ் பக்கமோ, சாப்பாட்டுக்கடை மேசைக்கடியிலோ போடாதீர்கள். ஈரமான நாய் உரசிவிட்டால் அவர்கள் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும், அது அவர்கள் மார்க்கம், அந்தச் சிரமத்தை நாம் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அம்மா, மக்சிக் என்போம், மண்டோரைத் தொட்டதே இல்லை, ஆனால் கடை கட்டும்போது மிஞ்சிய நெத்திலியையும் சோற்றையும் வாழையிலையில் மடித்து, நீளக் குச்சியால் சாக்கடைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "மண்டோர், மாக்கான்", சாப்பிடு என்று கூப்பிடுவார். அவனும் குச்சி ஓயும் வரை காத்திருந்து அப்புறம்தான் வருவான்.

புகார் கொடுத்தவர் யார் என்று தேடிப் பிடித்துச் சண்டை போடலாம் என்று சிலர் கிளம்புவார்கள், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அவர் பிள்ளையை நாய் துரத்தியிருக்கலாம், விடியற்காலை மோட்டாரில் போகும்போது நாய் குறுக்கே வந்து அவர் விழுந்திருக்கலாம். போய் என்ன நடந்தது என்று கேளுங்கள். மணிதானா, கூடச் சுற்றுகிற வேறு நாயா என்று பாருங்கள். மோட்டாரைத் துரத்துகிற பழக்கம் மணிக்கு இருந்தால் அந்த நேரத்தில், அதாவது காலை வேலைக்குப் போகிற நேரத்திலும் பள்ளி விடுகிற நேரத்திலும், அவனை லைசென்ஸ்காரர் வீட்டு வேலிக்குள் வைக்க வேண்டும். காலம் முழுக்கத் தெருவிலேயே இருப்பான், ஆனால் யாரும் பிடிக்கவும் கூடாது என்று கேட்டால் அது நடக்காது.

இன்னொன்றையும் புகார் கொடுத்தவருக்குப் பக்குவமாகச் சொல்லலாம். தோட்டங்களில் இத்தனை நாய் எங்கிருந்து வந்தது? தோட்டம் கைமாறி, லயத்தை உடைத்து, சனங்களை அடுக்குமாடிக்கு மாற்றியபோது நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை. சாமி படத்தை எடுத்துக்கொண்டு போனோம், அம்மிக்கல்லைக்கூடத் தூக்கிக்கொண்டு போனோம், நாயை மட்டும் விட்டுவிட்டுப் போனோம். அவை மாதக்கணக்கில் இடிந்த லயத்து வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது ரோட்டில் திரிவது அவற்றின் பேரன் பேத்திகள்.

மன்றத்துக்கு நீங்கள் முதலில் போங்கள், அவர்கள் வருகிற வரை காத்திருக்காதீர்கள். லைசென்ஸ் நகல், தடுப்பூசி அட்டை, மணியின் இரண்டு பக்கப் படம், வெட்டுப் போட்ட காது தெரிகிற மாதிரி ஒரு படம், பள்ளியும் கோயிலும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், மலாயில் எழுதி, இவ்வளவும் ஒரு கோப்பில். பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் திட்டத்துக்கு இடம் கொடுக்கிற மன்றங்களும் நாட்டில் இருக்கின்றன, உங்கள் மன்றம் எப்படி என்று அந்த நேரத்திலேயே கேட்டுவிடலாம். யாராவது விஷம் வைப்பதாக மிரட்டினால் அந்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவுபடுத்துங்கள், கொடுமைக்கு இருபதாயிரம் வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2024 அக்டோபரில் திரெங்கானு மாநிலம் பெசுட்டில் கோப்பி என்ற தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதுவும் ஊர் சனங்கள் பாசமாக வைத்திருந்த நாய்தான். அந்தக் கொதிப்பு நியாயமானது, ஆனால் கோப்பி திரும்பி வரவில்லை.

மண்டோருக்கு இப்போது பதின்மூன்று வயது இருக்கும். கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, டிராக்டர் பின்னால் ஓடுவதில்லை. பாட்டி போன வருஷம் தவறிவிட்டார், லைசென்ஸ் சொன்னபடியே பேத்தி பெயருக்கு மாறியது. பெரட்டுக்கு மட்டும் இன்னும் வருகிறான், பூட்ஸை மோந்து பார்த்தபடி, சில இடத்தில் இடித்துக்கொண்டு, வரிசை முடிகிற வரை நடக்கிறான். ஆட்கள் அவன் முடிக்கிற வரைக்கும் வண்டி ஏறுவதில்லை.

நாளைக்கே தொடங்குவதென்றால் கழுத்துப்பட்டையிலிருந்து தொடங்குங்கள். துணிப்பட்டை போதும், நல்ல சிவப்பாகவோ மஞ்சளாகவோ தூரத்திலிருந்து தெரிகிற நிறம், அதில் போன் எண்ணை அழியாத மையால் எழுதுங்கள். கட்டும்போது பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். மாதம் ஒரு தடவை அதே இரண்டு விரலை விட்டுப் பாருங்கள், ஊர்ச்சோறு தின்கிற நாய் கழுத்து பெருத்துக்கொண்டே போகும்.